ஊர் பார்க்க நல்ல மாதம்

அத்தியாயம் 9

சம்பலில் உப்பு இல்லை.

தேனுஜா பாண் துண்டைக் கிள்ளி, சம்பலைத் தொட்டு வாயில் வைத்தவள், மென்றபடியே அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் நூறு பேருடைய வாய்க்கு உப்புப் பார்க்கிற சுந்தரேஸ்வரி, தன் வீட்டுச் சம்பலில் உப்பை மறந்துவிட்டு யன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, உப்புப் போட்டனீங்களோ?"

"போட்டிருப்பன்."

"போட்டிருந்தா நாக்குக்குத் தெரியும்."

"தெரியாட்டி மேலாலை போட்டுச் சாப்பிடு. வேலைக்கு நேரமாகுது."

மேசையில் அம்மாவின் தொலைபேசி குப்புறக் கிடந்தது. போன கிழமை வரைக்கும் அது அப்படிக் கிடந்ததில்லை. தேநீர்க் கோப்பையில் சாய்ந்து நிமிர்ந்து நிற்கும். கனடாவிலிருந்து உருத்திரமூர்த்தி அனுப்பும் மணவறைப் படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழும். சிவப்புத் துணியா, மாம்பழ மஞ்சளா என்று அவர் கேட்பார். அம்மா கண்ணாடியைப் போட்டு, படத்தைப் பெருப்பித்துப் பார்த்து, "மஞ்சள். ஆனா ஓரத்துக்குப் பச்சை" என்று பதில் சொல்வார்.

ரொறன்ரோவில் கலியாண வீடுகளுக்கு மணவறை போட்டுக் கொடுப்பதுதான் உருத்திரமூர்த்தியின் தொழில். போன வருடம் லண்டனில் ஒரு சொந்தக்காரர் கலியாணத்தில் மணவறையின் மேல்விளக்கு ஒன்று கழன்று தொங்கியபோது, ஏணியில் ஏறியவர் அவர். ஏணியைப் பிடித்தவர் சுந்தரேஸ்வரி. அன்று தொடங்கிய பழக்கம். அண்ணன் ஐங்கரனின் கலியாணம் வருகிற ஆவணியில் என்று நிச்சயமாகியிருந்ததால், அந்தப் படமெல்லாம் அண்ணனுக்காகத்தான் என்று தேனுஜா நினைத்திருந்தாள்.

போன கிழமை அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். 'ஹம்பேர்க் வந்து பாக்கலாம் எண்டு யோசிக்கிறன். எந்தக் காலம் நல்லம் எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்.'

அம்மாவின் கையில் ரொட்டி மா. "மாசியிலை வரச் சொல்லி ஒருக்கா எழுதிவிடு பிள்ளை" என்றார்.

தேனுஜாவுக்குச் சிரிப்பு வந்தது. துறைமுகத்தில் சுற்றுலாப் படகுகளுக்கு ரிக்கற் விற்கிறவள் அவள். 'எப்போது வந்தால் நல்லது' என்ற கேள்விக்கு ஒரு நாளைக்கு இருபது பேருக்காவது பதில் சொல்கிறவள். பெப்ரவரியில் ஹம்பேர்க்குக்கு யாராவது வருவார்களா? பனியும் இல்லை, வெயிலும் இல்லை. வானம் சாம்பல், ஆறு சாம்பல், சனங்களின் முகமும் சாம்பல். ஆகவே அம்மா சொன்னதை விட்டுவிட்டு, அம்மாவின் தொலைபேசியிலேயே தனக்குத் தெரிந்ததை எழுதினாள். யூலை கடைசியிலிருந்து ஓகஸ்ட் முதற் கிழமை வரை மிகவும் நல்லது, இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அப்போது வாருங்கள் என்று. படகுப் படங்களைத் தன் தொலைபேசியிலிருந்தும் அனுப்பிவைத்தாள்.

அதற்கு வந்த பதில்தான் விசித்திரம்.

'விளங்கிக்கொண்டன். சுகமா இருங்கோ.'

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மணவறையும் இல்லை, மஞ்சளும் இல்லை.

யூலையில் வா என்று சொன்னதில் விளங்கிக்கொள்ள என்ன இருக்கிறது? தேனுஜா கிழமை முழுவதும் யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை.

"கனடா அங்கிள் பேந்து ஒண்டும் எழுதேல்லையோ?" சப்பாத்தின் நாடாவைக் கட்டியபடி, போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அவருக்கு ஆயிரம் வேலை." அம்மா குப்புறக் கிடந்த தொலைபேசியை எடுத்து, பாராமலே கைப்பைக்குள் போட்டார். "குடையைக் கொண்டுபோ."

* * *

ஒக்ரோபர் கடைசிச் சனிக்கிழமை. வானம் ஆற்றின்மேல் இறங்கிக் குந்தியிருந்தது. படகில் பாதி இருக்கைகள் காலி. தேனுஜாவின் ரிக்கற் கூண்டின் கண்ணாடியில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

ஸ்ருட்காட் பக்கத்திலிருந்து வந்த வயதான தம்பதியர் இருவர் கூண்டின் முன்னால் வந்து நின்றார்கள். இரண்டு பேருடைய மழைக்கோட்டிலும் ஒரே அளவு தண்ணீர்.

"இதைவிட மோசமாக இருக்குமா?" என்று கேட்டார் அந்த மனிதர்.

தேனுஜா மன்னிப்புக் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டாள். "பெப்ரவரியில் இருக்கும்."

அவர் முகம் மலர்ந்தது. மனைவி பக்கம் திரும்பி, "அப்படியானால் பெப்ரவரியிலும் ஒருமுறை வரவேண்டும்" என்றார்.

இப்படி ஒரு ஆளைத் தேனுஜா கண்டதில்லை. "யூலையில் வாருங்களேன். அப்போதுதான் ஊர் மிகவும் அழகாக இருக்கும்."

"யூலையில் சுற்றிப் பார்க்கிறவர்கள் வருவார்கள். நாங்கள் இங்கே குடிவர யோசிக்கிறோம், மகள் வீட்டுக்குப் பக்கத்தில். யூலையைப் பார்த்து வீடு வாங்கினால், பெப்ரவரியில் நானும் இவளும் சண்டை பிடிப்போம்."

"இப்போது மட்டும் என்னவாம்" என்றார் மனைவி.

இருவரும் ரிக்கற்றை வாங்கிக்கொண்டு, ஒரே குடைக்குள் இடித்துப் பிடித்துக்கொண்டு படகுப் பக்கம் போனார்கள். தேனுஜாவின் கை மீதிச் சில்லறை மேலேயே நின்றுவிட்டது.

குடிவருகிறவர்கள்தான் கெட்ட காலத்தைப் பார்க்க வருவார்கள்.

அம்மா சொன்னது மாசி. மாசி என்றால் பெப்ரவரி.

உருத்திரமூர்த்தி சுற்றிப் பார்க்கவா கேட்டார்?

கோபமா என்று தன்னைத்தானே கேட்டுப் பார்த்தாள். அப்பா கண்மூடி ஆறு வருடமாகிறது. அவருடைய குளிர்க்கோட்டு இன்னும் வீட்டு வாசலில் கொழுவியிருக்கிறது. கோபம் வந்தாலும் வந்திருக்கலாம். ஆனால் வந்தது கோபமில்லை. அறிய வேண்டும் என்ற ஒரு தவிப்பு. தன்னோடு ஒரே வீட்டில் இருந்து, ஒரே மேசையில் சாப்பிடுகிற மனுசி, தனக்குத் தெரியாமல் ஒரு முழுக் கதையை எங்கே வைத்திருந்தார்?

மத்தியான இடைவேளையில், படகுப் படங்களை அனுப்பிய அதே இலக்கத்துக்கு அழைத்தாள். அங்கே காலை நேரம். பின்னால் யாரோ தகரம் இழுக்கிற சத்தம் கேட்டது.

"அங்கிள், நான் தேனுஜா. சுந்தரேஸ்வரியின்ர மகள்."

தகரச் சத்தம் நின்றது. "அம்மா சுகமாத்தானே இருக்கிறா?"

அந்த அவசரமே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டது.

"சுகமா இருக்கிறா. நீங்கள் ஹம்பேர்க் வாறதைப் பற்றித்தான் கேக்க எடுத்தனான். யூலையிலை வாறீங்கள்தானே?"

அவர் மெதுவாக, பாரமான பொருள் ஒன்றை நிலத்தில் வைக்கிறவர்போலப் பேசினார்.

"பிள்ளை, எங்கடை தொழிலிலை ஆடி எண்டா வேலை இல்லாத மாசம். சாமான் எல்லாத்தையும் கழுவிக் காயவைச்சிட்டு இருக்கிறதுதான். சும்மா ஊர் பாக்கப் போறதெண்டா அதைப்போல நல்ல மாசம் இல்லை. அம்மா யோசிச்சுத்தான் சொல்லியிருக்கிறா. எனக்கு விளங்கீட்டுது."

"என்ன விளங்கினது அங்கிள்?"

"அம்மாவிலை ஒரு பிழையும் இல்லை. நீங்கள் அவட்டை ஒண்டும் கேக்காதையுங்கோ. நான் வைக்கிறன், பெடியள் லொறியிலை ஏத்துறாங்கள்."

வைத்துவிட்டார்.

ஆடியா? அவள் எழுதியது யூலை கடைசி, ஓகஸ்ட் முதற் கிழமை. ஆடி என்றால் தேனுஜாவுக்குத் தெரிந்தது, வருடத்தில் ஒரு நாள் அம்மா காய்ச்சுகிற கூழும் கொழுக்கட்டையும். அது வரும் மாதம் யூலை என்பதை அவள் என்றைக்கும் பொருத்திப் பார்த்ததில்லை. ஒரு கூழில் ஒரு மனிதர் மனமுடைய என்ன இருக்கிறது?

கேட்க ஒருவன் இருந்தான். பிராங்பேர்ட்டில் வங்கி ஒன்றின் கணினிப் பிரிவில் வேலை செய்கிற அண்ணன். தன் கலியாணத்துக்கு நாள் பார்த்துப் பார்த்தே அரை ஐயராகிவிட்டவன்.

"அண்ணா, ஆடியிலை என்ன பிரச்சினை?"

ஐங்கரன் சிரித்தான். "அதை என்னட்டைக் கேள். எங்களுக்கு முதல் கிடைச்ச மண்டபம் யூலையிலைதான். வடிவான மண்டபம், பக்கத்திலை ஆறு. ஐயருக்கு எடுத்துச் சொன்னா, மனுசன் நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி ஃபோனை வைச்சிட்டார். ஆடியிலை கலியாணம் இல்லை. பொம்பிளை பாக்கிறது இல்லை. சம்பந்தம் பேசிறதும் இல்லை."

"ஆரும் ஒராளை ஆடியிலை வாங்கோ எண்டு கூப்பிட்டா?"

"சும்மா விருந்தாளியெண்டா பிரச்சினை இல்லை. சம்பந்தம் கதைக்க வாறவையை ஆடியிலை வாங்கோ எண்டா, எங்களுக்கு விருப்பமில்லை எண்டு மரியாதையாச் சொல்லிறது." அவன் குரலில் பகிடி ஏறியது. "ஏன் கேக்கிறாய்? உன்னை ஆரும் பாக்க வருகினமோ?"

"என்னையில்லை."

வாயை மூடுவதற்குள் வந்துவிட்டது.

ஹம்பேர்க் வீட்டில் இருப்பது இரண்டே பெண்கள். கணக்குப் போடக் கணினி தேவையில்லை.

"அப்ப ஆரை?" என்றான் ஐங்கரன். பகிடி போய்விட்டிருந்தது.

"அண்ணா..."

"மணவறை போடுற ஆளோ?"

அவளுடைய பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை.

"எனக்கு இப்ப ஒரு டெர்மின் இருக்கு. பிறகு எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு வைத்தான். சனிக்கிழமையில் எந்த வங்கியில் ஆளைச் சந்திக்க டெர்மின் வைப்பார்கள்?

* * *

வீட்டுக்கு வந்தபோது அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வந்தால் வெங்காயம் என்று சொல்லலாம்.

தேனுஜா நனைந்த கோட்டை அப்பாவின் கோட்டுக்குப் பக்கத்தில் கொழுவிவிட்டு, நேரே சமையலறைக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் யூலையிலை வரச்சொல்லி எழுதினது ஆடியாம்."

கத்தி நின்றது. பிறகு மறுபடி வெட்டியது. "இப்பதான் தெரியுமோ?"

"உங்களுக்கு அண்டைக்கே தெரியுமோ?"

"நீ அனுப்பின பிறகு பாத்தனான். பாத்த உடனை தெரிஞ்சது."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை? மாத்தி எழுதியிருக்கலாமே."

"என்னெண்டு எழுதிறது?" சுந்தரேஸ்வரி திரும்பினார். "ஆடியிலை வராதையுங்கோ, வேற மாசம் வாங்கோ எண்டோ? அப்பிடி எழுதினா, அவர் கேக்காத கேள்விக்கு நான் ஓம் எண்டு சொன்ன மாதிரி எல்லோ. அவர் ஊரைப் பற்றித்தான் கேட்டவர். நானும் ஊரைப் பற்றித்தான் சொல்லலாம்."

"அதாலைதான் மாசியோ?"

அம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"இண்டைக்கு ரெண்டு பேர் வந்தவை அம்மா. இஞ்சை குடிவர யோசிக்கினமாம். அதாலை மழைக்குள்ளை வந்து பாக்கினம். பெப்ரவரியிலையும் வரப் போகினமாம்."

"புத்தியுள்ள சனம்" என்றார் சுந்தரேஸ்வரி. வெங்காயத்தைச் சட்டியில் போட்டுவிட்டு, கையைத் துடைத்தபடி வந்து எதிரே உட்கார்ந்தார். "உன்ர லண்டன் சித்தப்பா ஞாபகம் இருக்கோ? ஆவணியிலை வந்து, என்ன வடிவான ஊர் எண்டு சொல்லிக் கடை எடுத்தார். மார்கழியிலை கடையைப் பூட்டி, திறப்பை என்ர கையிலை தந்திட்டுப் போனவர்தான். பேந்து கடையைக் காலி பண்ணினது நானும் அப்பாவும்."

"அங்கிள் கனடாவிலை இருக்கிறவர். அவர் காணாத குளிரோ?"

"குளிரைக் கண்டவர். இந்த இருட்டைக் காணேல்லை. காலமை நான் வேலைக்குப் போறதும் இருட்டு, வாறதும் இருட்டு. வந்து சாப்பிட்டிட்டு நித்திரை. சிரிக்கக்கூடத் தெம்பு இருக்காது. யூலையிலை என்னைப் பாத்தா நானும் வடிவாத்தான் இருப்பன். மாசியிலை நான் எப்பிடி இருக்கிறன் எண்டு..." அவர் முடிக்கவில்லை. எழுந்து போய்ச் சட்டியைக் கிளறினார்.

தேனுஜா அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்க ஆயிரம் இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"அவரோடை என்ன கதைக்கிறனீங்கள்?"

"கத்தரிக்காய்."

"என்ன?"

"அங்கை கத்தரிக்காய் என்ன விலை, இஞ்சை என்ன விலை. மணவறைத் துணிக்குப் பச்சைக் கரையோ மஞ்சள் கரையோ. வேற என்னத்தைக் கதைக்கிறது." அம்மாவின் காது மடல் சிவந்திருந்தது. "அப்பாவைப் பற்றியும் கதைக்கிறனான். அவர் கேப்பார். அவற்ற மனுசியைப் பற்றி நானும் கேப்பன். உயிரோடை இருக்கிற ஆக்களைப் பற்றிக் கதைக்கிற மாதிரித்தான் ரெண்டு பேரும் கதைக்கிறது."

தாளித்த மணம் சமையலறையை நிறைத்தது. தேனுஜா கையை நீட்டினாள்.

"ஃபோனைத் தாங்கோ. நான்தானே கெடுத்தது. நான் எழுதிறன்."

"நீ எழுதினது காணும்" என்றார் சுந்தரேஸ்வரி. கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார். அடுப்பைத் தணித்தார். மகளைப் பார்த்தார். "அங்காலை போ."

"ஏன், நான் நிண்டா என்ன?"

"நீ நிண்டா எனக்கு ஏலாது. போ பிள்ளை."

தேனுஜா எழுந்து போனாள். கதவுக்கு அந்தப் பக்கம் போய், கதவோடு காதை வைத்துக்கொண்டு நின்றாள். கேட்காமல் இருக்க அவளாலும் ஏலாது.

அம்மா தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார். பிறகு, சமையலறையில் புதிதாய் வந்தவர்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்கிற அதே நிதானக் குரலில் பேசினார்.

"உருத்திரமூர்த்தி, அது பிள்ளை எழுதினது. அவளுக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது. நான் சொன்னது மாசி. மாசியிலை இஞ்சை ஒண்டும் வடிவில்லை. ஊரும் வடிவில்லை, நானும் அப்பிடித்தான். அதை வந்து பாருங்கோ. பாத்திட்டுப் பிறகு கேக்கிறதைக் கேளுங்கோ."

விரலை எடுத்தார் போல. குரல்செய்தி பறக்கிற சின்னச் சத்தம் கேட்டது.

தேனுஜா மூன்று வரை எண்ணிவிட்டு, ஒன்றும் அறியாதவள்போல உள்ளே வந்தாள். அம்மா சட்டியை மூடிவைத்து, மூடியின்மேல் கையையும் வைத்துக்கொண்டு நின்றார். தொலைபேசி மேசையில், இந்த முறை முகம் மேலே பார்க்கக் கிடந்தது. இருவரும் அதைப் பார்க்காமல் பார்த்தார்கள். வெளியே மழை யன்னலைத் தட்டியது. கறி கொதித்தது. சோற்றைச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டார்கள்.

முதற் பிடியை வாயில் வைக்கும்போதுதான் திரை வெளிச்சமானது.

சுந்தரேஸ்வரி கண்ணாடியைத் தேடினார். அது தலையிலேயே இருந்தது. வாசித்தார். வாசித்துவிட்டு, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து தேனுஜா எழுந்துவிட்டாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?"

தொலைபேசியை மகள் பக்கம் திருப்பினார்.

'மாசிக்கு என்ன சப்பாத்துக் கொண்டுவாறது? பனிக்கோ, மழைக்கோ?'

"கனடாவிலை முப்பது வருசம் இருந்த மனுசன், சப்பாத்துக்கு என்னட்டைக் கேக்குது" என்றார் அம்மா. சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். அந்தக் கிழமையில் அந்த வீட்டில் கேட்ட முதற் சிரிப்பு அதுதான். "மழைக்கு எண்டு சொல்லவேணும். நீ எழுதாதை. நான் எழுதிறன்."

அவர் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடிக் குத்திக்கொண்டிருக்கையில், தேனுஜாவின் சட்டைப்பையில் ஏதோ துடித்தது. மேசைக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள். ஐங்கரன்.

'அந்த ஆள் எப்ப வந்தாலும் கனடாப் பிளேன் பிராங்பேர்ட்டிலைதான் இறங்கும். அங்கை காரிலை ஏத்த நான்தான் போவன். அம்மாட்டைச் சொல்லாதை.'

தேனுஜா அதை இரண்டு முறை வாசித்தாள். வரவேற்கப் போகிறானா? வழியிலேயே மறித்துத் திருப்பி அனுப்பப் போகிறானா? அண்ணனின் எழுத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. குரலில் இருந்தால் தெரிந்திருக்கும். அதற்காகத்தான் எழுதியிருக்கிறான்.

"ஆர், அண்ணாவோ?" அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "என்னவாம்?"

"ஒண்டுமில்லை. சாப்பிட்டிட்டியளோ எண்டு கேக்கிறான்."

குத்திக்கொண்டிருந்த விரல் நின்றது. சுந்தரேஸ்வரி கண்ணாடிக்கு மேலால் மகளைப் பார்த்தார்.

"அவன் எப்ப அப்பிடிக் கேட்டவன்?"